ஒரு வீடு, 25 ஏக்கர்: ஆஸ்டினின் இணக்க விதி எப்படி வேலை செய்தது

50 அடி அகலம், 115 அடி நீளம். டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இப்படி ஒரு மனையில் ஒரு தனி வீடு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 5,750 சதுர அடி. நம் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அந்நகரில் நெடுங்காலம் தனி வீட்டு மனைக்கான குறைந்தபட்ச அளவு இதுதான். இந்த ஒரு வீடு, தன் நான்கு எல்லைகளிலிருந்தும் 540 அடி வரை, மற்றவர்கள் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதைத் தீர்மானித்தது. எல்லைக்கு வெளியே அந்தப் பட்டையின் பரப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 25 ஏக்கர் வருகிறது. 2024 மே மாதம் மாநகர மன்றம் அந்த 540ஐ 75 ஆகக் குறைத்தது. அதே வீட்டைச் சுற்றி இன்று கட்டுப்படும் நிலம் ஒரு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு.

தனி வீடுகளுக்குப் பக்கத்தில் அடுக்குமாடி வரும்போது இரண்டும் மோதிக்கொள்ளாமல் இருக்க வகுத்த விதிகளை ஆஸ்டினில் ‘கம்பாட்டிபிலிட்டி’ என்பார்கள். இங்கே அதை இணக்க விதி என்று சொல்வோம். 1980களிலிருந்து நகரின் நிலச் சட்டத்தில் இருக்கும் இந்த விதியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் உயரத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: எத்தனை மாடி, எத்தனை அடி. ஆனால் இந்த விதியின் கனம் உயரத்தில் இல்லை. எது விதியைக் கிளப்புகிறது, எவ்வளவு தூரம் வரை அது செல்லும் என்ற இரண்டு கேள்விகளில் இருக்கிறது.

பழைய விதியின் கணக்கு இது. தனி வீட்டு மனையின் எல்லையிலிருந்து முதல் 25 அடிக்குள் கட்டடமே கூடாது. 50 அடி வரை இரண்டு தளம், 30 அடி உயரம். 50 முதல் 100 அடி வரை மூன்று தளம், 40 அடி. அதற்கப்பால் 300 அடி வரை, 40 அடியோடு ஒவ்வொரு 10 அடி தூரத்துக்கும் ஓர் அடி உயரம் கூடும்; ஆக 300வது அடியில் 60 அடி. அங்கிருந்து 540 வரை ஒவ்வொரு 4 அடிக்கும் ஓர் அடி. கடைசி விளிம்பில் 120 அடி உயரம் கிடைக்கும். சிறிய மனைகளுக்கு மட்டும் முதல் 25 அடி செட்பேக்கில், அதாவது கட்டாமல் விட வேண்டிய இடத்தில், கொஞ்சம் சலுகை இருந்தது. மனை அகலத்தைப் பொறுத்து 15 அடியிலிருந்து ஏறும்.

காகிதத்தில் பார்த்தால் இது மெல்ல ஏறும் படிக்கட்டு போலத் தெரியும். வேலி ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் கண்ணில் எப்படித் தெரியும் என்று கணக்கிட்டால்தான் விசித்திரம் புரிகிறது. 25 அடி தூரத்தில் 30 அடிச் சுவர் தரையிலிருந்து 50 பாகைக் கோணத்தில் எழும். 50 அடி தூரத்தில் 40 அடிச் சுவர் 39 பாகை. 100 அடியில் 22 பாகை. 200 அடியில் 14. 300 அடியில் 11தான். 540 அடியில் 12 அல்லது 13. கிட்டத்தில் 50 பாகைக்கு அனுமதித்த விதி, எட்டப் போகப் போகப் பிடியை இறுக்குகிறது. தொலைவு கூடும்போது தளர்ந்திருக்க வேண்டிய விதி தலைகீழாக நடந்துகொண்டது. கொல்லையில் 40 அடி லைவ் ஓக் மரம் ஒன்று பார்ப்பவரிடமிருந்து 20 அடியில் நின்றாலே அந்தத் திசையில் 60 பாகைக்கு மேல் மறைத்துவிடும். அதன் பின்னால் 300 அடி தள்ளி நிற்கும் கட்டடம் 60 அடியா 90 அடியா என்று வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. ஆஸ்டினின் பழைய நகரமையத்தில் ஒரு தெருக்கட்டம் 276 அடி. 540 அடி என்றால் கிட்டத்தட்ட இரண்டு கட்டம் தாண்டிய இடம்.

இந்தச் சரிவு கட்டுபவருக்கு என்ன செய்தது? தரைத்தளத்தில் கடை வைக்க 14 அடி, அதன்மேல் ஒவ்வொரு வீட்டுத் தளத்துக்கும் பத்தரை அடி என்று கொள்வோம். மூன்று தளத்துக்கு 35 அடி, நான்குக்கு 45.5, ஐந்துக்கு 56. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஒரு தளம் கூட வேண்டுமானால் 105 அடி பின்னால் போக வேண்டும். நான்காவது தளம் 155வது அடியில்தான் தொடங்கலாம். ஐந்தாவது 260வது அடியில். பர்னெட் ரோடு, சவுத் லமார் போன்ற பெரிய சாலைகளின் ஓரத்தில் பல கடைமனைகள் ஆழம் குறைந்தவை. பின்வேலியைத் தாண்டினால் தனி வீடுகள். மனை ஆழம் 150 அடி என்றால், மண்டல விதி (எந்தப் பகுதியில் என்ன, எவ்வளவு உயரம் கட்டலாம் என்ற நகரச் சட்டம்) 60 அடி உயரம் தருகிறது என்று எழுதியிருந்தாலும் நான்காவது தளத்தைக்கூடத் தொட முடியாது. பேருந்து ஓடும் சாலை, 2020 நவம்பரில் வாக்காளர்கள் பணம் ஒதுக்கிய இலகு ரயில் திட்டம் எல்லாம் இருந்தும், அந்தச் சாலைகளில் ஒற்றைத் தளக் கடையும் அதன் முன்னே கார் நிறுத்தும் திடலுமாகவே பல மனைகள் தங்கிப்போனதற்கு இது ஒரு காரணம். ஒரே காரணம் என்று சொல்ல மாட்டோம். கட்டாயக் கார் நிறுத்துமிட விதியும் அதே அளவு கடித்தது. அதை நகரம் 2023 நவம்பரில் நீக்கியது.

அதே 150 அடி மனையை, சாலையோரம் 100 அடி அகலத்தோடு, இரண்டு விதிகளிலும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பழைய விதியில் 25 அடி காலி, அடுத்த 25 அடியில் இரண்டு தளம், மீதி 100 அடியில் மூன்று தளம். மொத்தம் 35,000 சதுர அடி. புதிய விதியில் 25 அடி காலி, அடுத்த 25 அடியில் 40 அடி உயரத்துக்குள் மூன்று தளம், மீதி 100 அடியில் 60 அடி உயரத்துக்குள் ஐந்து. மொத்தம் 57,500. தரைத்தளத்தையும் வீடுகளாகவே எண்ணி, ஐந்தில் ஒரு பங்கை நடைவழி, படிக்கட்டு, லிஃப்டுக்குக் கழித்து, வீடு ஒன்று 900 சதுர அடி என்று வைத்தால் முதல் கணக்கில் 31 வீடு, இரண்டாவதில் 51. முன்பக்க செட்பேக், பக்கவாட்டு இடைவெளி இதில் சேரவில்லை. அதைக் கழித்தால் இரண்டு எண்ணும் இறங்கும், விகிதம் பெரிதாக மாறாது.

பழைய கணக்கின் 31 வீடுகூடத் தாராளமான மதிப்பீடு. அமெரிக்க அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை நடுவில் ஒரு நடைவழி, இருபுறமும் வீடுகள் என்ற அமைப்பில் வருபவை. அந்த அமைப்புக்குக் கட்டட அகலம் 60 முதல் 65 அடி வேண்டும்: ஒவ்வொரு பக்கமும் 28 முதல் 30 அடி வீடு, நடுவில் ஐந்தாறு அடி நடைவழி. 25 அடிப் பட்டையில் இரண்டு தளம் கட்டிக்கொள் என்று விதி அனுமதித்தால், அந்த அகலத்தில் நடைவழியின் ஒரு பக்க வீடுகள்கூட ஒழுங்காக அமையாது. மேல்தளம் உள்வாங்கும் ஒவ்வோர் இடத்திலும் கீழ்த்தளக் கூரை மொட்டைமாடியாகிறது. அதற்கு நீர்க்கசிவுத் தடுப்பு வேண்டும், மேல்சுவரின் பாரத்தைத் தாங்க உத்தரம் வேண்டும், குளியலறைக் குழாய்கள் நேர்கோட்டில் இறங்காது. கணக்குப் பார்ப்பவர் அந்தப் பட்டையைக் கைவிட்டு, தீயணைப்பு வண்டிப் பாதையாகவோ கார் நிறுத்துமிடமாகவோ மாற்றிவிடுவார். ஆக, அமைதி வேண்டும் என்று விதி எழுதிய இடத்தில், வேலிக்கு அப்பால் இரவு பதினொரு மணிக்குக் கார் கதவு அடிக்கும் சத்தம் வந்து சேரும். இரண்டு மாடி வீட்டுச் சுவர் அதைவிட நல்ல அண்டை.

உயரத்துக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு வரம்பு இருக்கிறது, அதைச் சட்டத்தில் தேட வேண்டாம், செலவில் தேட வேண்டும். கான்கிரீட் அடித்தளத்தின் மேல் ஐந்து தளம் வரை மரச்சட்டத்தில் கட்டுவதே அங்கே மலிவான முறை. குடியிருக்கும் கடைசித் தளத்தின் தரை, தீயணைப்பு வண்டி நிற்கும் மட்டத்திலிருந்து 75 அடிக்கு மேல் போனால் கட்டடம் ‘ஹைரைஸ்’ வகைக்குள் விழுந்துவிடும். செலவு ஒரே தாவாகத் தாவும். அதனால் 100 அடி, 120 அடி என்று விதி அனுமதித்த தூரங்களில் அந்த அனுமதியைப் பயன்படுத்த ஆள் குறைவு. உண்மையான போட்டி 35 அடிக்கும் 90 அடிக்கும் நடுவில்தான். பழைய விதி துல்லியமாக அந்த இடைவெளியில்தான் கை வைத்தது.

நிழலுக்கு வருவோம். தனி வீட்டுக்காரர்கள் சொல்லும் குறைகளில் இது நியாயமானது, அளக்கவும் கூடியது. ஆஸ்டின் வட அட்சம் 30 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில் சூரியன் தென்வானில் 36 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது 40 அடிக் கட்டடத்தின் நிழல் வடக்கே 54 அடி நீளும், 60 அடிக் கட்டடத்துக்கு 82 அடி. பழைய விதிப்படி 300 அடி தள்ளி நின்ற 60 அடிக் கட்டடத்தின் நண்பகல் நிழல் வேலிக்கு 200 அடிக்கு மேல் முன்னாலேயே முடிந்துவிடும். 540 அடியில் நிற்கும் 120 அடிக் கட்டடத்துக்கும் நிழல் 163 அடிதான். காலையிலும் மாலையிலும் நிழல் நீளும் என்பது சரி. ஆனால் அந்நேரத்தில் பக்கத்து வீட்டு வேலியும் மரமும்கூட அதே வேலையைச் செய்துவிடும். நிழலைக் காரணம் காட்டி 540 அடியை நியாயப்படுத்த முடியாது.

புதிய விதி நிழல் தேர்வில் முழு மதிப்பெண் வாங்குகிறதா என்றால், இல்லை. 25 அடி தூரத்தில் 40 அடி உயரம், 50 அடி தூரத்தில் 60 அடி, 75 அடிக்கு அப்பால் மண்டலம் தரும் உயரம். கோணத்தில் சொன்னால் 58 பாகை, பிறகு 50. அடர்த்தி மிகுந்த எம்.எஃப்-6 மண்டலத்தின் 90 அடிக் கட்டடம் 75 அடியில் நின்றாலும் அதே 50. கண்ணுக்கு ஒரே சீரான விதி, அந்த வகையில் பழையதைவிட நேர்மையானது. ஆனால் தனி வீட்டுக்குத் தெற்கே 50 அடியில் 60 அடிக் கட்டடம் வந்தால் டிசம்பர் நண்பகலில் நிழல் மனைக்குள் 32 அடி ஏறும். தோட்டம், துணி காயப்போடும் இடம், சோலார் பலகை எல்லாம் அதில் அடங்கலாம். அதே கட்டடம் வீட்டுக்கு வடக்கே இருந்தால் நண்பகலில் ஒரு துளி நிழலும் விழாது. மேற்கே இருந்தால் ஆகஸ்ட் மாதத்து மாலை வெயிலை மறைத்து ஏ.சி. பில்லைக் குறைக்கும், டெக்சஸ் கோடையில் அதை வரம் என்றே சொல்லலாம். பழையது, புதியது இரண்டுக்கும் திசை தெரியாது. தெற்குப் பக்கத்துக்கு மட்டும் கூடுதலாக 10 அடியோ 15 அடியோ கேட்டிருந்தால், உண்மையில் பாதிக்கப்படுபவருக்குப் பயன்பட்டிருக்கும், மற்ற மூன்று பக்கத்தில் கட்டுபவருக்கும் தொல்லை இருந்திருக்காது.

அடுத்தவர் எட்டிப் பார்ப்பது என்ற குறையையும் உயரத்தால் தீர்க்க முடியாது. 25 அடி தள்ளியுள்ள இரண்டாம் தளத்து ஜன்னல்தான் கொல்லையை நன்றாகப் பார்க்கும். 200 அடி தள்ளியுள்ள ஆறாம் தளம் பார்ப்பது கூரைகளையும் மரங்களையும்தான். எட்டிப் பார்ப்பதைத் தடுப்பவை வேறு: அந்தச் சுவரில் பால்கனி வைக்காமல் இருப்பது, ஜன்னல் அடிவிளிம்பைக் கண்மட்டத்துக்கு மேலே உயர்த்துவது, எல்லையை ஒட்டி மரம் நடுவது. புதிய விதி 25 அடியைக் கட்டடமில்லாத இடைப்பட்டையாக வைத்து, அதில் எல்லையை ஒட்டிய 10 அடியை மரத்துக்கும் செடிக்கும் ஒதுக்கியிருப்பது இந்தக் காரணத்தால்தான். 10 அடி அகல மண்ணில் நல்ல மரம் வேர்விடும். 4 அடிப் பட்டையில் வைத்தால் மூன்றாவது கோடையில் காய்ந்துபோகும்.

பழைய விதியில் யாரும் அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு. உண்மையான இணக்கம் அங்கேதான் இருந்தது என்பது எங்கள் கருத்து. குப்பைத் தொட்டி எல்லையிலிருந்து 20 அடிக்குள் கூடாது. ஏ.சி. முதலான இயந்திரங்களின் சத்தம் எல்லைக்கோட்டில் 70 டெசிபலைத் தாண்டக் கூடாது. வெளிவிளக்குகளுக்கு மறைப்பு வேண்டும். நீச்சல்குளம், டென்னிஸ் ஆடுகளம் போன்றவை 50 அடிக்குள் கூடாது. கண்ணைக் கூசவைக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி கூடாது. வாகன நிறுத்தத்தையும் இயந்திரங்களையும் மறைத்துக் கட்ட வேண்டும். இவற்றில் ஒன்றாலும் ஒரு வீடுகூடக் குறையாது. அதிகாலை நான்கரைக்குக் குப்பை லாரி இரும்புத் தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும் சத்தத்துக்கு அடுத்த அறையில் தூங்கியவருக்கு, 300 அடி தள்ளி இன்னும் இரண்டு மாடி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இனி, எது விதியைக் கிளப்பியது என்ற கேள்வி. பழைய விதியில் இரண்டில் ஒன்று போதும்: மனை எஸ்.எஃப்-5 (தனி வீட்டு மண்டல வகைகளில் ஒன்று) அல்லது அதைவிடக் கட்டுப்பாடான மண்டலத்தில் இருக்க வேண்டும், அல்லது எஸ்.எஃப்-5இல் அனுமதிக்கப்படும் பயன்பாடு அங்கே நடக்க வேண்டும். இரண்டாவது வழிதான் வில்லங்கம். வணிக மண்டலத்துக்கு நடுவே, விற்காமல் மிஞ்சிப்போன ஒரே ஒரு பழைய வீடு சுற்றிலும் உள்ள வணிக மனைகளைக் கட்டிப்போட்டுவிடும். அந்த வீட்டையும் வாங்கி இடித்துவிட்டால் கட்டு அவிழும் என்பதால், காக்க வந்த விதியே இடிக்கத் தூண்டுகோலாகவும் ஆனது. 2024 திருத்தம் இந்த ‘அல்லது’வை நீக்கி ‘மேலும்’ என்றாக்கியது: மண்டலமும் எஸ்.எஃப்-5 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும், அங்கே ஒன்று முதல் மூன்று வீடுகளும் இருக்க வேண்டும்.

மூன்று என்ற எண் சும்மா வந்ததல்ல. 2023 டிசம்பரில் ஆஸ்டின் தனி வீட்டு மனைகளில் மூன்று வீடு வரை கட்ட அனுமதித்தது. 2024 மேயில், இணக்க விதியைத் திருத்திய அதே கூட்டத்தில், குறைந்தபட்ச மனை அளவை 5,750லிருந்து 1,800 சதுர அடிக்குக் கொண்டுவந்தது. அதாவது முக்கால் கிரவுண்ட். இதையும் சேர்த்துத்தான் இணக்க விதியைப் படிக்க வேண்டும். தனி வீட்டுப் பகுதியே அடர்த்தியாகும்போது, அதற்கும் அடுக்குமாடிக்கும் நடுவில் உள்ள படி சிறியதாகிறது.

இவ்வளவு நாள் ஏன் ஆனது என்பதற்கு டெக்சஸ் மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். மண்டல மாற்றம் என்றால் 200 அடிக்குள் இருக்கும் நில உரிமையாளர்களுக்கு எழுத்தில் அறிவிப்பு போக வேண்டும். 20 சதவீத நிலத்தின் உரிமையாளர்கள் எதிர்ப்புக் கையெழுத்திட்டால் மன்றத்தில் நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவை. நகரம் முழுவதற்கும் சட்டத்தைத் திருத்தும்போது இது பொருந்தாது என்று நகரம் வாதிட்டது. பொருந்தும் என்று நீதிமன்றம் சொன்னது. 2022 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 2022 டிசம்பரில் பெரிய சாலைகளை ஒட்டி மட்டும் இணக்க விதியைத் தளர்த்திய முயற்சியும் அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் விழுந்தது. 2024இல் முறையாக அறிவிப்பு அனுப்பிவிட்டு, திருத்தங்களை நகரம் மறுபடி கொண்டுவந்தது. 2025 செப்டம்பர் 1 முதல், கூடுதல் வீடுகளுக்கு வழிசெய்யும் மாற்றங்களுக்கு அந்த 20 சதவீத வரம்பை மாநிலமே 60 ஆக்கிவிட்டது.

ஆஸ்டினில் வாடகை இறங்கியதை 2024 திருத்தத்தோடு முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. அது அவசரக் கணக்கு. வாடகை 2023லேயே இறங்கத் தொடங்கிவிட்டது. அப்போது குடியேற்றத்துக்குத் தயாரான கட்டடங்கள் எல்லாம் பழைய விதியின் கீழ் அனுமதி வாங்கியவை. புதிய விதியின் பலன், வரைபடம், அனுமதி, கடன், கட்டுமானம் என்று மூன்று நான்கு ஆண்டு கழித்தே தெருவில் தெரியும்.

ஒரு குறிப்பிட்ட மனையில் என்ன கட்டலாம் என்று பார்க்க விரும்புபவர், மண்டல வரைபடத்தில் அந்த மனையின் நிறத்தை மட்டும் பார்த்து நிறுத்தினால் ஏமாறுவார். முதலில் தொட்டுக்கொண்டிருக்கும், 75 அடிக்குள் இருக்கும் ஒவ்வொரு மனையின் மண்டலத்தையும் அங்குள்ள வீடுகளின் எண்ணிக்கையையும் குறிக்க வேண்டும். பிறகு அந்த மனைகளின் எல்லையிலிருந்து 25, 50, 75 அடிக் கோடுகளை இழுக்க வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து இழுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. எல்லைக்கும் சுவருக்கும் நடுவில் 5 அடியோ 10 அடியோ இருக்கும், அத்தனை அடியும் கணக்கில் பிசகும். கோடுகள் விழுந்தபின் தள உயரங்களை அடுக்கிப் பார்க்க வேண்டும்: 40 அடிக்குள் மூன்று தளம் தாராளமாக வரும், நான்கு வராது, தரைத்தளக் கடையை விட்டுவிட்டு எல்லாத் தளத்தையும் 10 அடியாக்கினால் நான்கு இடித்துக்கொண்டு வரும், ஆனால் கூரை விளிம்புச் சுவருக்கு இடம் இருக்காது. தீயணைப்பு வண்டிப் பாதை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் அப்போதே முடிவுசெய்துவிட வேண்டும். பின்னால் முடிவுசெய்தால் அது வேலிப் பக்கம்தான் போய் விழும்.

மனை வணிக மண்டலத்தில் இருந்தால் இன்னொரு அடுக்கு இருக்கிறது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம், 3 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு), ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில், வணிக மண்டலங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளை நேரடியாக அனுமதிக்கிறது. அங்கே ஏக்கருக்கு 36 வீடு என்பதற்குக் கீழ் நகரம் வரம்பு விதிக்க முடியாது, 45 அடிக்குக் கீழ் உயரத்தைக் குறைக்க முடியாது, 25 அடிக்கு மேல் செட்பேக் கேட்க முடியாது. ஆஸ்டினின் 25 அடி இடைப்பட்டை இதில் சரியாக விளிம்பில் தப்பிக்கிறது. 50 அடிக்குள் 40 அடி உயரம் என்ற வரம்பு தப்பிக்கவில்லை.